நன்கொடை ரசீதும் படுக்கைப் புண்ணும்: மதுரைப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றின் மீது நடந்த வழக்கு

இந்த வழக்கில் குடும்பத்தின் தரப்பில் ஆஜரான வழக்கறிஞர் நான். அவர்கள் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். இல்லம், மருத்துவமனை, காவல் நிலையம் எதன் பெயரும் இதில் இல்லை. முதியோர் இல்லத்தில் விட்ட அப்பாவோ அம்மாவோ கவனிப்பில்லாமல் சீரழிந்துவிட்டால் சட்டத்தில் என்ன வழி என்று கேட்டு வருகிறவர்களில் பலர், தவறான இடத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே வருகிறார்கள். இந்தக் குடும்பம் சரியான வரிசையில் போனது. எங்கே போனார்கள், ஏன் அங்கே போனார்கள், எதில் பலன் கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்வதற்காகவே இந்தக் கட்டுரை.

பின்னணி

அம்மாவுக்கு 76 வயது. செல்லூரில் கைத்தறி ஓட்டி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர், கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகள் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமனார் மாமியாரோடு இருக்கிறார், பள்ளி ஆசிரியை. 2023 தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனாலும் சொல்வது புரியும். சர்க்கரையும் இருந்தது. ஏஜென்சி மூலம் வீட்டுக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள், யாரும் நிலைக்கவில்லை.

2023 ஜூலையில் மதுரை நகர எல்லைக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். போர்டில் '24 மணி நேர நர்ஸ் வசதி, படுத்த படுக்கையானவர்களுக்குச் சிறப்புக் கவனிப்பு' என்று எழுதியிருந்தது. முன்பணம் 50,000 ரூபாய், மாதம் 22,000 ரூபாய். மகன் அங்கிருந்து மாதாமாதம் அனுப்பிவிடுவார்.

சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய இரண்டு தாள்கள் பிற்பாடு வழக்கின் மையத்துக்கு வந்தன. முதலாவது ஒரு பக்க விண்ணப்பம். 'இல்லவாசிக்கு ஏற்படும் எந்த உடல்நலக் குறைவுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அதன் அடியில் ஒரு வரி இருந்தது. இரண்டாவது, பணம் கட்டியதற்கான ரசீது. அதில் 'கட்டணம்' என்ற சொல்லே இல்லை, 'நன்கொடை' என்றுதான் அச்சாகியிருந்தது. இப்படி ரசீது கொடுக்கிற இல்லங்கள் நிறைய இருக்கின்றன. வாங்குகிறவர்களும் அதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

கண்ணில் பட்டவை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம்தான் பார்வை நேரம், அதுவும் முன் ஹாலில். அம்மாவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் போர்வை போட்டுக் கொண்டுவருவார்கள். 'மத்தவங்க படுத்திருக்காங்க, தொந்தரவு ஆகும்' என்று சொல்லி அறைக்குள் விடுவதில்லை. முதல் எட்டு மாதம் பெரிய குறை எதுவும் தெரியவில்லை என்கிறார் மகள்.

2024 கோடையில் அம்மா மெலியத் தொடங்கினார். ஜாக்கெட் தொளதொளத்தது. இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு கன்றல் இருந்தது. கேட்டதற்கு, 'கையை வச்சு ட்யூபை இழுக்கிறாங்க மேடம், அதான் துண்டால லேசா கட்டினோம்' என்றார் மேலாளர். அடுத்த வாரம் பவுடர் வாசத்தையும் மீறி ஒரு வாடை. 'டயப்பர் மாத்தலை போல' என்று சமாதானம் சொன்னார்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் அம்மா கண்ணைத் திறக்காமலே இருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. 'சளிதான், டாக்டர் பார்த்துட்டார்' என்றார்கள். எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்டபோது சீட்டு எதையும் காட்டவில்லை.

மகள் அன்று வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. கார் ஒன்றை வரவழைத்து, அம்மாவை நேராக ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கிளம்பும்போது மேலாளர் ஒரு தாளை நீட்டினார். சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறேன், இல்லத்தின் மீது எந்தப் புகாரும் இல்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்றார். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மகள் கிளம்பிவிட்டார். 50,000 ரூபாய் சிறிய தொகை இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் பின்னால் நடந்தது ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கடினமாகியிருக்கும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தபோதுதான் அது தெரிந்தது. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படுக்கைப் புண், அடியில் எலும்பு தெரிந்தது. டூட்டி டாக்டர் நான்காம் நிலை என்று எழுதினார். அதுதான் கடைசி நிலை. இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது, உடம்பில் நீர்ச்சத்து வற்றிச் சோடியம் ஏறியிருந்தது. அறுவை சிகிச்சையில் அழுகிய சதையை அகற்றினார்கள். 19 நாள் உள்நோயாளியாக இருந்தார், செலவு 3,40,000 ரூபாய்.

மருத்துவம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர் ஒரே பக்கமாகக் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்குகிற சதைக்கு இரத்தம் போவதில்லை. முதலில் தோல் சிவக்கும், பிறகு கொப்புளம் வரும், பிறகு குழியாகும், கடைசியில் எலும்பு தெரியும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நர்சிங் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். சர்க்கரை இருந்தால் புண் சீக்கிரம் வரலாம், ஆறத் தாமதமாகலாம். ஆனாலும் எலும்பு தெரிகிற அளவுக்குப் போக நாள் எடுக்கும். அத்தனை நாளும் டயப்பர் மாற்றிய கைகள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வழக்கில் எங்கள் வாதத்துக்கு அடித்தளம் இதுதான்.

காய்ச்சல் இறங்கிப் பேச்சு வந்ததும் அம்மா மகளிடம் சொன்னது: 'தண்ணி கேட்டா குடுக்க மாட்டாளுக. குடிச்சா ஒண்ணுக்குப் போவ, யாரு மாத்துறதுன்னு கேப்பாளுக. ராத்திரி முழுக்க கையைக் கட்டிப் போட்ருவாக.'

முதல் சில நாட்களின் முடிவுகள்

மகள் என்னைப் பார்க்க வந்தது அம்மா மருத்துவமனையில் இருந்தபோதே. முதலில் முதியோர் உதவி எண் 14567-க்கு அழைத்திருக்கிறார், அவர்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தையும் சட்ட உதவியையும் நாடச் சொல்லியிருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது இல்லத்தைப் பற்றி அல்ல. 'நாமதான சார் கொண்டுபோய் விட்டோம், நம்ம மேலயே கேஸ் வராதா?' என்று கேட்டார். பல குடும்பங்கள் வாய் திறக்காமல் போவது இந்தப் பயத்தால்தான். கட்டணம் கட்டி, வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எந்தச் சட்டத்தின் கீழும் குற்றவாளிகள் இல்லை. இதை அவருக்குப் புரியவைக்கவே அன்றைய நேரத்தில் பாதி போனது. அந்த நேரம் வீணில்லை, பயம் போகாமல் யாரும் சாட்சிக் கூண்டில் நிமிர்ந்து நிற்க முடியாது.

அடுத்து ஆவணங்கள். மருத்துவமனையில் புண்ணின் நீள, அகல, ஆழத்தைத் தேதியோடு பதியச் சொன்னோம். சேர்க்கும்போதே இருந்த புண் என்று எழுதிவைப்பது முக்கியம், இல்லையென்றால் 'ஆஸ்பத்திரியில் வந்த புண்' என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். காவல்துறைக்குத் தகவல் அனுப்பி மெடிக்கோ லீகல் வழக்காக, அதாவது குற்றம் நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிற மருத்துவ வழக்காகப் பதியவும் கேட்டோம். முதலில் தயங்கினார்கள். எழுத்தில் கேட்டதும் மூன்றாம் நாள் அனுப்பினார்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தரவேண்டும் என்று மருத்துவர்களின் தொழில் நெறி ஒழுங்குமுறை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டே மனு கொடுத்து முழுக் கோப்பின் நகலையும் வாங்கினோம். மகள் போனில் எடுத்திருந்த படங்களை அழிக்காமல், அந்தப் போனையே பத்திரப்படுத்தச் சொன்னேன். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகல் மட்டும் கையில் இருந்தால் அதில் தடுமாற நேரும்.

இல்லத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் போனது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த அட்டவணை, உணவு மற்றும் நீர் கொடுத்த குறிப்பு, மருந்துப் பதிவேடு, இரவுப் பணியாளர் வருகைப் பதிவேடு ஆகியவற்றின் நகலைக் கேட்டோம். அவற்றைத் தருவார்கள் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்ட பிறகும் தராமல் இருந்தார்கள் என்பது பதிவாகவேண்டும், அதற்காகத்தான். பதில் ஒரு வழக்கறிஞர் மூலம் வந்தது: நாங்கள் தொண்டு நிறுவனம், பிள்ளைகள்தான் தாயை அநாதையாக விட்டார்கள், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்கள் மீது நாங்களே புகார் கொடுப்போம்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் மனு ஒன்று போட்டோம். இல்லம் பதிவு பெற்றதா, எத்தனை பேருக்கு, என்ன வகையாக, கடைசி ஆய்வு எப்போது என்று கேட்டோம். சட்டப்படியான 30 நாளுக்குள் பதில் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கான கட்டணமில்லா இல்லமாக, 20 பேருக்கு என்று பதிவாகியிருந்தது. நாங்கள் அறிந்தவரை அங்கே 34 பேர் இருந்தார்கள். இரவில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு ஆயா.

எந்தச் சட்டம், ஏன்

எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம்தான். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம், சீக்கிரம் முடியும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பாயம் பிள்ளைகளிடமும் வாரிசு உறவினரிடமும் இருந்து பெற்றோருக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்க ஏற்பட்டது. சட்டத்தில் சொல்லியுள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பணம் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்ட இல்லத்திடம் இழப்பீடு வாங்கித் தர அதில் இடமில்லை. 24-ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லம் எங்களை மிரட்டியது இந்தப் பிரிவை வைத்துத்தான். 14 மாத வங்கிப் பரிமாற்றமும் ஞாயிற்றுக்கிழமை வருகையும் இருக்கும்போது 'முற்றிலும் கைவிடும் நோக்கம்' எங்கிருந்து வரும்? பராமரிப்பு இல்லங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்வது உட்பட இந்தச் சட்டத்தை விரிவாக்க 2019-இல் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை, அந்த ஓட்டை இன்றும் அடைபடவில்லை. இதை ஆதங்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே மூன்று வழிகளைத் தேர்ந்தெடுத்தோம். முதலாவது, உள்ளே இன்னும் இருக்கிறவர்களுக்காக மாவட்ட நிர்வாகம். இரண்டாவது, குற்றத்துக்காகக் காவல்துறை. மூன்றாவது, இழப்பீட்டுக்காக நுகர்வோர் ஆணையம். சிவில் நீதிமன்றத்திலும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம், காலமும் அதிகம், அதனால் அதை விட்டுவிட்டோம்.

ஆட்சியர் அலுவலகம்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மகளே வரிசையில் நின்று மனு கொடுத்தார். இழப்பீடு பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லை. பதிவு 20 பேருக்கு, இருப்பவர்கள் 34 பேர், இரவில் ஒரே பணியாளர், படுக்கையோடு கட்டிப்போடுகிறார்கள், இப்போது மருத்துவமனையில் இருக்கும் ஒருவரின் நிலை இது, உடனே ஆய்வு தேவை. இவ்வளவுதான், புண்ணின் படம் ஒன்றும் இணைப்பில். மனுவின் நகல் சுகாதாரத்துறையின் நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் போனது. மூக்கு வழியே உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய் எல்லாம் போட்டுப் பராமரிக்கிற இடம் வெறும் தங்குமிடம் ஆகாது, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 பார்க்கப்படவேண்டும் என்று அதில் குறிப்பிட்டோம்.

சமூக நலத்துறையும் சுகாதாரத்துறையும் சேர்ந்து ஆய்வு செய்தன. மேலும் இருவருக்குப் படுக்கைப் புண் இருந்தது தெரியவந்து, அவர்கள் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பதிவை ஒழுங்குபடுத்தும்வரை புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்று இல்லத்துக்கு உத்தரவு போனது. அந்த ஆய்வறிக்கையின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே பெற்றோம். மொத்த வழக்கிலும் எங்களுக்குப் பெரிய பலம் கொடுத்த காகிதம் அதுதான்.

காவல்துறை

இல்லம் இருந்த பகுதி மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வராது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வரும். எல்லை எதுவென்று குழம்பி அலைய வேண்டியதில்லை, எந்த நிலையத்தில் தகவல் கொடுத்தாலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. ஆனாலும் விசாரணை எப்படியும் அங்கேதான் நடக்கும் என்பதால் அந்தப் பகுதி நிலையத்திலேயே புகார் கொடுத்தோம். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், வழக்குப் பதியவில்லை. 'இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க' என்றும் சொன்னார்கள்.

நாங்கள் சுட்டிய பிரிவுகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ளவை. 125(பி), கவனக்குறைவான செயலால் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொடுங்காயம் விளைவிப்பது: மூன்றாண்டு வரை சிறை. செய்யவேண்டியதைச் சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுவதும் 'செயல்' என்பதில் அடங்கும். 15 நாள் கடும் உடல்வேதனையில் கிடந்தாலோ அன்றாடக் காரியம் முடியாமல் போனாலோ அது கொடுங்காயம் என்கிறது 116-ஆம் பிரிவு. அம்மா மருத்துவமனையில் இருந்ததே 19 நாள். கையைக் கட்டியதற்கு 127, சட்டவிரோத அடைப்பு. கடைசியாக 357. இந்தப் பிரிவை வழக்கறிஞர்களிலேயே பலர் பயன்படுத்திப் பார்த்ததில்லை. நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை சிறியது, காவல்துறை தானாகப் பதிவு செய்யக்கூடிய குற்றமும் அல்ல. ஆனாலும் இந்த நிலைமைக்கு என்றே எழுதி வைத்ததுபோல் இருக்கிற ஒரே பிரிவு அதுதான். மற்றப் பிரிவுகளோடு சேர்த்து வைத்தால் வழக்கின் தன்மை தெளிவாகும்.

நிலையத்தில் அசைவில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பினோம். 125(பி) மூன்றாண்டு வரை தண்டனை உள்ளது என்பதால், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படியே நடத்தினார்கள். மருத்துவமனைக் கோப்பையும் ஆய்வறிக்கையையும் பார்த்த பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவானது. அப்போதும் பதிவாகாமல் போயிருந்தால் 175(3)-இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் போகத் தயாராக இருந்தோம்.

மேலாளர் மீதும் அறக்கட்டளை நிர்வாகி மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆயாவை அதில் சேர்க்கவேண்டாம் என்று குடும்பமே கேட்டுக்கொண்டது. ஒரு பெண்ணிடம் 34 பேரை ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார் மகள். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அந்தப் பெண் பிறகு அரசுத் தரப்புச் சாட்சியாகவே வந்தார்.

நுகர்வோர் ஆணையம்

2024 நவம்பரில் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கலானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆணையத்தின் வரம்பும் கட்டணமும் நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, சேவைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான். 14 மாதக் கட்டணம் 3,08,000, முன்பணம் 50,000, ஆக 3,58,000 ரூபாய். 5 லட்சம் வரை தாக்கல் கட்டணம் எதுவும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதும் இந்தச் சட்டத்தில் வந்த நல்ல மாற்றம். பணம் கட்டியது மகன், சேவையைப் பெற்றது அம்மா. கட்டியவரின் ஒப்புதலோடு பயன்பெறுபவரும் நுகர்வோரே என்பதால் அம்மா பெயரிலேயே போட்டோம். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் சொன்னதை அபிடவிட்டாக, அதாவது உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, படித்துக்காட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கி நோட்டரியிடம் உறுதி செய்தோம்.

அம்மா 2025 தை மாதம், மகள் வீட்டில், மாரடைப்பில் இறந்தார். புண் அப்போது முக்கால்வாசி ஆறியிருந்தது. வழக்கை மகனும் மகளும் சட்ட வாரிசுகளாகத் தொடர்ந்தார்கள்.

இல்லத்தின் எதிர்வாதத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன. அவற்றில் கனமானது முதலாவதுதான்: நாங்கள் இலவசச் சேவை செய்கிற அறக்கட்டளை, வாங்கியது நன்கொடை, ஆகவே அவர்கள் நுகர்வோரே அல்ல. இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது உண்மை. அதனால்தான் அந்த ரசீது அப்படி அச்சடிக்கப்பட்டிருந்தது. வங்கிக் கணக்கை வைத்தோம். மாதந்தோறும் முதல் வாரத்தில், பிசகாமல் 22,000. மனம் உவந்து கொடுக்கிற நன்கொடை இப்படி ஒரே தொகையாக, ஒரே தேதியை ஒட்டி வராது. ஒரு மாதம் மகன் பணம் அனுப்பத் தாமதமானபோது மேலாளர் அனுப்பிய செய்தி மகள் போனில் இருந்தது: 'இந்த மாச பீஸ் இன்னும் வரல, அஞ்சாம் தேதிக்குள்ள போடுங்க.' அந்த ஒற்றை வரிக்குப் பிறகு நன்கொடை வாதம் நிற்கவில்லை. 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக்காட்டினோம். சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்கிற மருத்துவமனை என்றால், இலவசமாகப் பெறுகிறவரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருவார் என்பது அதன் சாரம். அது மருத்துவமனைகள் பற்றிய தீர்ப்பு, ஆனாலும் அதன் தர்க்கம் இங்கேயும் பொருந்தும் என்று வாதிட்டோம்.

மற்ற மூன்றும் சீக்கிரம் முடிந்தன. 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி, இயல்பாக வரும் நோய்க்குப் பொருந்தலாம், தங்கள் கவனக்குறைவுக்கே பொறுப்பில்லை என்று முன்கூட்டி எழுதி வாங்குவது செல்லாது. சர்க்கரையால் வந்த புண் என்ற வாதத்துக்கு, சிகிச்சை செய்த அறுவை மருத்துவரின் அபிடவிட்டு பதில் சொன்னது. பிள்ளைகள் வந்து பார்க்கவில்லை என்பதற்கு இல்லத்தின் வாயில் பதிவேடே போதுமாக இருந்தது, அதில் மகளின் கையெழுத்து வாராவாரம் இருந்தது. புரட்டிப் படுக்க வைத்த அட்டவணையைக் கடைசிவரை தாக்கல் செய்யவில்லை. தபாலில் கேட்டும் தராததை ஆணையம் அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொண்டது.

நோட்டீஸ் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்கிறது சட்டம், இங்கே ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனது. உத்தரவு இது: முன்பணம் 50,000, கடைசி ஆறு மாதக் கட்டணம் 1,32,000, மருத்துவச் செலவு 3,40,000, வலிக்கும் மன உளைச்சலுக்கும் 4,00,000, வழக்குச் செலவு 10,000. மொத்தம் 9,32,000 ரூபாய். மேல்முறையீடு செய்ய 45 நாள் இருந்தது, ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டவேண்டும். இல்லம் மேல்முறையீடு செய்யவில்லை, பணமும் தரவில்லை. நிறைவேற்று மனு போட்டோம். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிற 72-ஆம் பிரிவில் நோட்டீஸ் போனதும் இரண்டு தவணையில் கட்டினார்கள்.

எதை மாற்றவேண்டும்

குற்ற வழக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. அம்மா காவல்துறையிடம் சொன்ன வாக்குமூலம் விசாரணையில் அவ்வளவாக உதவாது. இறந்தவரின் சொல்லைச் சான்றாக ஏற்கும் விதி முக்கியமாக அவருடைய இறப்பின் காரணத்தைப் பற்றியது. அவர் இறந்தது மாரடைப்பில், அதைப் புண்ணோடு இணைக்க எந்த மருத்துவரும் முன்வரவில்லை. அதனால்தான் கவனக்குறைவால் மரணம் என்ற நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவையும் நாங்கள் தொடவில்லை. நிரூபிக்க முடியாத பெரிய குற்றத்தைச் சுமத்தினால், நிரூபிக்க முடிந்ததும் கூடவே சரிந்துவிடும். இனி இப்படி ஒரு வழக்கு வந்தால், வயதானவர் பேசும் நிலையில் இருக்கும்போதே சாட்சியத்தை முன்கூட்டிப் பதிவு செய்ய நீதிமன்றத்தை அணுகுவதுதான் முதல் வேலை. மெடிக்கோ லீகல் பதிவும் மூன்றாம் நாள்வரை காத்திருக்கக்கூடாது, சேர்க்கிற அன்றே எழுத்தில் கேட்கவேண்டும்.

இல்லத்தில் சேர்க்கிற குடும்பங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை எளிமையானவை. பார்வை நேரத்துக்கு வெளியே, சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். உள்ளே விடமாட்டோம் என்றால் அதுவே தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம். படுத்த படுக்கையானவர் என்றால் ஒவ்வொரு முறையும் முதுகையும் குதிகாலையும் பார்க்கவேண்டும். அம்மாவின் சேலையை விலக்கிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்றார் இந்த மகள். அந்தக் கூச்சம் எல்லோருக்கும் உண்டு, ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். மாதம் ஒருமுறை எடை போடச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல், எந்த மாதத்துக் கட்டணம் என்று குறிப்பு எழுதி வங்கி வழியாக அனுப்பவேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டு, அதில் எத்தனை பேருக்கு அனுமதி என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

உத்தரவு வந்த பிறகு, அதே இல்லத்திலிருந்து தந்தையை முன்பே வெளியே எடுத்துப்போன மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்னைத் தேடி வந்தது. அவருக்கும் அதே மாதிரியான புண்தான், அவர்களிடமும் நன்கொடை ரசீதுதான் இருந்தது. நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு, அவர்களுக்கு அது முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. 69-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேர்த்துப் புகாரைத் தாக்கல் செய்திருக்கிறோம். அந்தத் தந்தை உயிரோடு இருக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். அவருடைய சாட்சியத்தை முதலில் பதிவு செய்யக் கேட்டிருக்கிறோம்.